பூந்தொட்டியில் பூத்த வாணம்

என் வாலுப் பெண்ணுக்கு,

நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, மற்றபடி குறையில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், போனில் குரல் கம்மியிருந்தது, வெந்நீர் குடி. இதைப் போனில் ஆரம்பித்தால் பாதியில் வேலைக்கு ஓடிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், விஷயம் அப்படி.

நூலகத்தில் புகைப்படப் போட்டி வைத்தார்கள், நீ விட்டுப்போன கேமராவைத் தூக்கிக்கொண்டு நானும் சேர்ந்துவிட்டேன், சிரிக்காதே. தலைப்பு 'பெர்ஸ்பெக்டிவ்'. அப்படியென்றால் என்ன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிவது என்றார் நூலகர். அவரவர் பார்க்கிற விதம் என்றாள் தையல் கடையில் என் பக்கத்து மெஷின்காரி. எனக்கு இரண்டுமே சரியாகப் பட்டது. புதுப் பாலம் திறக்கிற அன்று பொழுது சாய்ந்ததும் ஆற்றங்கரையில் வாணவேடிக்கை என்று தெரிந்தபோது ஒரு யோசனை வந்தது. அப்பா ஒரு வெறும் பூந்தொட்டியை ஏந்தி நிற்க வேண்டும், நான் தரையோடு தரையாக இருந்து எடுத்தால் தூரத்தில் வெடிக்கிற வாணம் அந்தத் தொட்டியில் பூத்த மாதிரி படத்தில் விழும். ஆனால் ஆறு தெரிகிற மொட்டை மாடி நம் தெருவில் ஒன்றே ஒன்றுதான், உன் பெரியப்பா வீட்டு மாடி.

நீ கிளம்பிய அன்று அவர், "பொண்ண இவ்வளவு தூரம் அனுப்பிட்டு கடைசி காலத்துல உங்கள யாரு பாத்துக்குவா?" என்று கேட்டதும், அப்பா வெடுக்கென்று எழுந்து வந்ததும் உனக்குத் தெரிந்ததுதான். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் செருப்பைப் பார்ப்பார், மற்றவர் மின்கம்பத்தைப் பார்ப்பார். நான் யாரையும் கேட்கவில்லை, போய்க் கதவைத் தட்டி மாடி வேண்டும் என்றேன். பெரியப்பா சாவியோடு முன்னால் நடந்தார். அப்பா கையில் தொட்டியையும் கேமரா ஸ்டாண்டையும் திணித்து இழுத்துக்கொண்டு போனேன், முணுமுணுத்தபடியே வந்தார்.

முதலில் எடுத்ததெல்லாம் கண்றாவி. ஷட்டரைச் சில நொடி திறந்து வைக்கச் சொன்னாயே, அந்த நேரம் பார்த்து அப்பா ஆடிவிடுகிறார், அவர் ஆடாதபோது வாணம் தொட்டியை விட்டுவிட்டு அவர் காதில் முளைக்கிறது. பின்னால் நின்று கேமராத் திரையையே பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. இடது பக்கம் தள்ளு என்றார், காற்றிடம் சொல்வது போல. எங்களைப் பார்த்து நின்ற அப்பா தன் இடது பக்கம் நகர, வாணம் இன்னும் விலகிப்போனது. அந்தப் பக்கம் இல்லடா என்று பெரியப்பா பல்லைக் கடித்தார். "யாரோட இடது? உன்னோடதா, என்னோடதா? சரியாச் சொல்லுண்ணா" என்றார் அப்பா. வாயிலிருந்து 'அண்ணா' விழுந்துவிட்டது. நான் எதுவும் கேட்காதவள் போல் பொத்தானை அழுத்தினேன். அப்புறம் தொட்டியைத் தூக்கு, வயிற்றை உள்ளே இழு என்று ஒரே அதட்டல், அப்பாவும் சின்னப் பையன் மாதிரி கேட்டுக்கொண்டார். கடைசிப் பெரிய வாணம் தொட்டிக்கு நேர் மேலே விரிந்தது, படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

பரிசு கிடைக்கவில்லை. ஈரத் தெருவில் வாணத்தின் பிரதிபலிப்பை எடுத்த பல் டாக்டருக்குப் போய்விட்டது. பெரியப்பா நியாயம் கேட்க நூலகத்துக்கே கிளம்பிவிட்டார், அவரை இழுத்து வர அப்பா போனார், இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு மத்தியானம்தான் திரும்பினார்கள். வேடிக்கை முழுக்க முதுகுக்குப் பின்னாலேயே நடந்துவிட்டதே, ஒன்றுமே பார்க்கவில்லையே என்று அப்பாவிடம் வருத்தப்பட்டேன். "உங்க மூஞ்சில கலர் மாறுனதப் பாத்தேன். அண்ணன் சிரிச்சதப் பாத்தேன்" என்றார், அவ்வளவுதான்.

உன்னால்தான் வந்த சண்டை என்று நீ மனதில் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும் கண்ணு, இனி வேண்டாம். நோய்நொடி இல்லாமல் சிரித்த முகமாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் பெரியப்பாவுக்குப் போன் செய். எப்போது வருகிறேன் என்று நீயாக முந்திக்கொண்டு சொல்லாதே, அவர் வாயால் கேட்கட்டும், இரண்டு வருடமாக அடக்கி வைத்திருக்கிறார்.

ஆசை முத்தங்களுடன்,
உன் அம்மா