ஓமத்துக்கு ஒரு வாளி மணல்

திருத்தங்கல்
5.9.2008

அன்புப் பேரன் செல்வக்குமாருக்கு அப்பத்தா சோலையம்மாள் எழுதிக்கொண்டது.

முதலில் நல்ல சேதி. உன் தங்கை ஓவியா பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்து, மதுரையில் நர்சு படிப்பில் சேர்ந்துவிட்டாள். உன் சித்தப்பா மகள் எழில் ஓட்டப் பந்தயத்தில் மாவட்டத்துக்கே கோப்பை வாங்கினாள். நீயோ சிங்கப்பூரில் மெஷின் கம்பெனி சூப்பர்வைசர். உன் தம்பி பாலகுருவும் லேசுப்பட்டவன் இல்லை. கழித்துப்போட்ட அச்சு மெஷினின் கம்பிகளை வாங்கிவந்து, கம்ப்யூட்டர் சொன்னபடி பலகை வெட்டுகிற மெஷின் ஒன்றைப் பின்னறையில் செய்கிறான்.

அங்கேதான் ஐயா பயம். நேற்று போனில் யாரிடமோ சொன்னான்: "அண்ணன் அனுப்புற சுவிட்ச் வந்துரட்டும்லே. வந்ததும் முதல்ல ஓமம்தான்." புது மெஷினுக்கு ஓமம் வளர்ப்பது நல்லதுதான். ஆனால் எந்த வீட்டில்? தீபாவளி சீசன் என்று உன் அம்மா செல்லத்தாய் பட்டாசுத் திரிக்கட்டுகளை வீட்டுக்கே கொண்டுவந்து வெட்டுகிறாள். திரி வைத்த சாக்கு, மெஷின் இருக்கிற மேசைக்கு அடியில் கிடக்கிறது. ஒரு பொறி போதும். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சுவிட்சை அனுப்பாதே சாமி.

அப்பத்தா
சோலையம்மாள்


சிங்கப்பூர்
14.9.2008

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

உன் கடிதத்தை ரூமில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. அது ஓமம் இல்லை அப்பத்தா, ஹோமிங். ஹோம் என்றால் வீடு. கரண்ட் போட்டதும் மெஷினில் நகர்கிற வெட்டுத் தலைக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. மூலையில் இருக்கிற சுவிட்சைத் தேடிப் போய்த் தொட்டு நிற்கும். அந்த மூலைதான் அதற்கு வீடு. அங்கிருந்துதான் எல்லா அளவும். நெருப்பும் கிடையாது, நெய்யும் கிடையாது. திரி கிடந்தால் கிடக்கட்டும். அந்தச் சாக்கில் தலைவைத்துத் தூங்கி வளர்ந்தவர்கள்தானே நாங்கள். அம்மாவோடு மல்லுக்கு நிற்காதே. சுவிட்சைப் போன வாரமே அனுப்பிவிட்டேன்.

உன் பேரன்
செல்வக்குமார்


திருத்தங்கல்
24.9.2008

ஐயா செல்வக்குமாருக்கு,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமையே மெஷின் ஓடிவிட்டது.

சனிக்கிழமை உன் அம்மாவோடு எனக்குப் பெரிய சண்டை. "சீசன்ல வந்த வேலையத் திருப்புனா அடுத்த வருசம் எவன் தருவான்? கெழவிக்குப் புத்தி பேதலிச்சிருச்சு" என்றாள். "பேதலிச்சா பேதலிச்சிட்டுப் போகுது, தூக்குடி" என்று கூடவே நின்று, வேலை கொடுத்தவனிடமே திரியைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். வெறுஞ்சாக்கு மட்டும் மேசைக்கு அடியில் கிடந்தது.

மறுநாள் ஒரு வாளி மணலோடு பின்னறை வாசலில் நின்றேன். "மணல் எதுக்கு அப்பத்தா?" என்றான் பாலகுரு. "ஓமத்துக்குலே" என்றேன். சிரித்துக்கொண்டே பட்டனைத் தட்டினான்.

சுவிட்ச் இடது மூலையில். மெஷின் தலை போனது வலது பக்கம். அந்த ஓரத்துப் பலகையில் முட்டிய பிறகும் நிற்கவில்லை. வீடு அந்தப் பக்கம்தான் என்று முட்டிக்கொண்டே இருந்தது. தள்ளப் போனவன் விரலை நசுக்கியது. பலகை பிளந்தது, வயர் அறுந்தது, பொறி கொட்டியது. சாக்கு பிடித்துக்கொண்டது ஐயா. அவன் பிளக்கைப் பிடுங்கினான், நான் மணலைக் கொட்டி அணைத்தேன். அவ்வளவுதான் எனக்கு நினைவு.

மோட்டாரில் ரெண்டு வயரை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டானாம். எந்தத் திசையில் போகிறது என்று துளித்துளியாக நகர்த்திப் பார்த்த பிறகுதான் வீடு தேட விடவேண்டுமாம். அவனும் பார்க்கவில்லை, நீயும் எழுதவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபப்படாதே. உன் கடிதம் சனிக்கிழமைக்கு முன்னால் வந்திருந்தால் நான் உன்னைத்தான் நம்பியிருப்பேன். சிங்கப்பூர்ப் பேரனே சொல்லிவிட்டான் என்று தெருவெல்லாம் பெருமை பேசிவிட்டு, திரியை அங்கேயே விட்டிருப்பேன். அதை நினைத்துத்தான் இப்போதும் ராத்திரியில் எழுந்து போய் மேசைக்கு அடியில் பார்த்துவிட்டு வருகிறேன்.

பாலகுருவின் விரல் ஆறிவருகிறது. வயரை மாற்றிவிட்டான். மெஷின் இப்போது சரியாக வீடு போய்ச் சேருகிறது. தொட்டு நிற்கிறவரைக்கும் நான் வாசலில் மணலோடு நிற்கிறேன். இப்போது அவன் சிரிப்பதில்லை.

நீயும் நாள் முழுக்க மெஷினோடுதான் நிற்கிறாய். பழைய போட்டோவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. ரெண்டு கையும், விரல் எல்லாம் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பு ராசா.

உன் அப்பத்தா
சோலையம்மாள்