பனி பிடித்த மனிதன்

ஜூன் 17, செவ்வாய்

ஆங்கில வாசிப்பில் பின்தங்கியவர்களின் பட்டியலை நாளை தலைமையாசிரியையிடம் கொடுக்க வேண்டும். அதில் செல்வியின் பெயரை நேற்றே எழுதிவிட்டேன். தடங்கலின்றி வாசிக்கிறாள், ஆனால் ஒன்றும் புரிவதில்லை என்பது என் தீர்ப்பு.

பாடம் சிறியது. இரவில் ஸ்னோ விழுகிறது. காலையில் பள்ளி விடுமுறை. பிள்ளைகள் குதித்துக்கொண்டு, கேரட் மூக்கு வைத்து ஸ்னோமேன் செய்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்காக, ஸ்னோ என்றால் பனி என்று தமிழில் சொல்லிவிட்டு நான் மேலே போய்விட்டேன். பள்ளி ஏன் மூடியது என்ற கேள்விக்குச் செல்வி, எல்லாருக்கும் உடம்பு சரியில்லை என்று எழுதினாள். பூஜ்யம் போட்டேன்.

இன்று மாலை தான் வரைந்த படத்தோடு வந்து நின்றாள்.

"டீச்சரே, பனி பிடிச்ச ஆளுக்கு எதுக்குக் கேரட்டுல மூக்கு?"

படத்தில் ஒருவன் போர்வைக்குள் கிடந்தான். நெற்றியில் ஈரத்துணி. ஆரியசாலையில் பிறந்து மலையாளப் பள்ளியில் படிப்பவளுக்குப் பனி என்றால் காய்ச்சல்தானே! இத்தனை படித்த எனக்கு அது தோன்றவில்லை.

வானத்திலிருந்து ஐஸ் துருவல் கொட்டும் என்றேன்.

"ஐஸா! அதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதினாள். "லீவுக்கு ஐஸ் எதுக்கு டீச்சரே? இங்க மழை பெய்தாலே கலெக்டர் விடுவாரல்லோ!"

அவள் பெயரை அடித்துவிட்டேன். இன்னும் நான்கு பெயர்கள் இருக்கின்றன. அவர்களிடமும் எதைச் சொல்லாமல் கேள்வி கேட்டேனோ, ஒருமுறை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

மழை வலுக்கிறது. நாளை கலெக்டர் விடுமுறை விட்டால், பட்டியலுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும். நானும் குதிப்பேன்.