சாயத்துணியில் போன பரிசோதனை

தூத்துக்குடிப் பக்கமிருந்து என்னைக் கைபிடித்துத் திருப்பூருக்குக் கூட்டிவந்த என் பாச அண்ணனுக்கு,

பொங்கலூரில் இப்போது காற்றுக்காலம். பனியன் கம்பெனி விட்டதும் நேராக உன் பன்றிக் கொட்டகைக்குத்தான் போகிறேன். மெஸ்ஸில் மிஞ்சிய சோற்றைக் கொட்டினால், பன்றிகள் எனக்குப் பின்னால் நீ வருகிறாயா என்று பார்க்கின்றன. என்னை அவை ஒரு ஆளாகவே மதிப்பதில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பன்றிகள் காய்ச்சலில் செத்த சமயம் நினைவிருக்கிறதா? நம்முடையவையும் தீனி எடுக்காமல் படுத்துக்கொண்டன. கொட்டகைக்கு இடம் கொடுத்த தோட்டத்துக்காரர் வந்து நின்றார். "தப்பா நெனைச்சுக்காதீங்க. டெஸ்ட்டுல அந்த நோயின்னு வந்துச்சுன்னா அத்தனையும் அழிச்சுப்போட்டு எடத்தைக் காலி பண்ணிக் குடுத்துருங்க" என்றார். உனக்கு இருந்த ஒரே பிழைப்பு அதுதான்.

பன்றிகளின் மூக்கில் துடைத்து அனுப்பச் சொல்லிக் கால்நடை டாக்டர் பஞ்சுக்குச்சிகள் தந்துவிட்டுப் போனார். "ஏட்டி, இந்தக் குச்சி பன்னி மூக்குக்குக் காணுமா?" என்று சிரித்தாய். நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கட்டிங் வேஸ்ட் துணியைச் சுருட்டித் துடைத்து அனுப்பினாய். திருப்பூரில் எதைத் துடைக்கவும் நம் கை அதற்குத்தானே போகும்?

சாயம் கலந்ததால், கிருமியைத் தேடும் டி.என்.ஏ. பரிசோதனை நடக்கவே இல்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று லேபிலிருந்து தகவல் வந்தது. "கிருமியையே சாயத்துல முக்கிட்டேன் போலட்டி" என்றாய். அந்தப் பயத்திலும் உனக்கு நக்கல் போகவில்லை. இரண்டாம் தடவை டாக்டரே வந்து எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினார்.

அதன்பின் நீ என் வீட்டுக்குள் வரவில்லை. மாமா என்று ஓடிவந்த என் மகளிடம், "கிட்ட வராத தாயி, என் மேல என்ன கெடக்கோ" என்று வாசலோடு திரும்பினாய். இந்த நோய் மனிதர்களுக்கு வராது என்று டாக்டர் சொல்லியும் நீ நம்பவில்லை. முடிவு வருவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டாய். அப்படி என்ன அவசரம் உனக்கு?

முடிவு வந்துவிட்டது அண்ணே. ஒன்றுக்கும் அந்தக் காய்ச்சல் இல்லை. வெறும் சளிதான், மருந்து போட்டதும் எழுந்துவிட்டன. தோட்டத்துக்காரர் கொட்டகை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, "இதை அவரு இருந்து கேட்டிருக்கோணும் கண்ணு" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கொட்டகையை நான் விடமாட்டேன், இது சத்தியம். மாமா ஏன் என்னைத் தூக்கவில்லை என்று உன் மருமகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உன் மேல் ஒன்றுமே இல்லை அண்ணே. நீ அவளைத் தூக்கியிருக்கலாம்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வராணி