நெட்டிச் சத்தம்

நைனா,

என் பாப்பாமேல் பவுடர் வாசனையே இல்லை. புது பெல்ட்டின் துணி வாசனைதான். தோளிலிருந்து பாதம்வரை பட்டைகள். இரண்டு காலையும் தவளைபோல மடக்கி அகட்டிப் பிடித்திருக்கின்றன. டாக்டர் சொல்லும்வரை கழற்றக் கூடாது. செங்கல்பட்டில் குழந்தைகள் டாக்டர் நான் உள்ளே நடந்து வந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு இடுப்பு மூட்டு விலகியிருந்துச்சா?" என்று கேட்டார். பிறந்து ஒன்றரை மாதமே ஆன பாப்பாவின் தொடைகளை மெல்ல விரித்தார். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். அம்மா சொல்லி மட்டுமே எனக்குத் தெரிந்த சத்தம் அது.

வேன் ஓட்டும் உனக்கு நெட்டி எடுக்காமல் பொழுது போகாது. ஸ்டியரிங்கை விட்டால் பத்து விரலும் படபடவென்று வெடிக்கும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது எண்ணெய் தேய்த்துக் காலை நீட்டி இழுத்துவிடுவது உன் வேலை. ஒருநாள் என் இடுப்பில் டக்கென்றது. "அட, எம் பொண்ணுகூட நெட்டி வுடுது பாரு! என்னை மாதிரியே கீது" என்று குதித்தாயாம். திருப்போரூர் வேன் ஸ்டாண்டுக்குத் தூக்கிப்போய் எல்லாருக்கும் இழுத்து இழுத்துக் காட்டினாயாம். நான் சிரித்தேனாம். அழுதிருந்தாலாவது யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள், பாழாய்ப்போன கால்!

நடக்கத் தொடங்கியதும் வலப்பக்கம் சாய்ந்தேன். "டான்ஸ் ஆடிக்கினே வருது" என்று அதையும் ரசித்தாய். எக்ஸ்ரே எடுத்த அன்றுதான் ரசிப்பு நின்றது. தொடை எலும்பு குழியை விட்டு வெளியே நிற்கிறது, ஆபரேஷன்தான் என்றார்கள். மார்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. அதைப் பிரித்த பிறகும் வலது கால் குட்டையாகவே நின்றுவிட்டது.

அப்புறம் நீ நெட்டி எடுக்கவே இல்லை. "எடு நைனா" என்று உன் விரலைப் பிடித்தால் வெடுக்கென்று உருவிக்கொண்டு, "போ அந்தாண்ட" என்பாய். என்மேல் என்ன கோபமோ என்று எத்தனை தடவை அழுதிருக்கிறேன்!

மாமல்லபுரத்துக்குச் சவாரி போகும் ஞாயிறுகளில் என்னையும் கூட்டிப்போவாய். வந்தவர்கள் கோயில் பார்க்கப் போனதும் ஈரமணலில் என்னை முன்னால் நடக்கவிட்டு நீ பின்னால் வருவாய். என் வலது குதிகால் மணலில் பதியாது. அரைத் தடம்தான் விழும். அதன்மேல் உன் பாதத்தை வைத்து வைத்து வருவாய். "என் காலை மிதிக்காத நைனா!" என்று கத்துவேன். "நீ போ கண்ணு, நான் இன்னா பண்றேன்?" என்பாய். விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். மாரடைப்பில் நீ போன பிறகுதான் அம்மா சொன்னாள்: "நான்தான் இழுத்து இழுத்து புள்ள காலைக் கெடுத்துட்டேன்னு சாவறவரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு."

அதைத்தான் டாக்டரிடம் கேட்டேன். "எங்கப்பா இழுத்ததாலயா சார்?"

"இல்லம்மா. பொறக்கும்போதே உனக்குக் குழி ஆழமில்லாம இருந்திருக்கும். அந்தச் சத்தம்தான் அடையாளம். அப்பவே காட்டியிருந்தா இதே மாதிரி பெல்ட்டோட போயிருக்கும்."

தொண்ணூறுகளில் நம் பக்கம் யாருக்கு இதெல்லாம் தெரியும்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஸ்டாண்டில் அத்தனை பேருக்குக் காட்டினாயே நைனா, ஒரு டாக்டருக்குக் காட்டாமல் போனாயே!

நேற்று சாயங்காலம் அதே மணலில் பாப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். அவளுடைய இரண்டு குதிகாலும் என் விலாவில் அழுந்திக்கொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தேன். என் அரைத் தடங்கள் ஒன்றுவிடாமல் கிடந்தன. மிதித்து மூட யாரும் வரவில்லை. நீ வருவாயென்று கொஞ்சநேரம் நின்றேன். பிறகு, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, கத்தியே சொன்னேன்:

"நைனா, நீ இழுத்ததால இல்லியாம்!"