இடது கார்னர்

ஆகஸ்ட் 12, செவ்வாய்
ஆடிக் காற்று இன்னும் ஓயவில்லை. கிரவுண்ட் முழுக்கத் தூசி. ஒரு வாரம் கழித்து இன்றுதான் கபடி பிராக்டீஸ். மண்டலப் போட்டிக்குப் போவதா வேண்டாமா என்று பி.டி. மேடம் கேட்டார். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கேப்டனான நானும்தான்.

போன செவ்வாய் எங்கள் டீம் ரேவதி அவள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்திருக்கிறாள். டெம்போ அடித்துவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது. பாழாய்ப்போன செவ்வாய்.

இடது கார்னர் அவளுடைய இடம். காலியாகக் கிடந்தது. மேடம் ஜோதியைப் பார்த்து, "நீ போய் நில்லு." எப்போதும் சப்ஸ்டிட்யூட்டாகவே உட்கார்ந்திருந்தவள். வந்து கையை நீட்டினாள். கார்னரும் பக்கத்தில் நிற்கும் நானும் கை கோத்துத்தான் பாடி வரும் ரெய்டரைப் பிடிக்கப் போக வேண்டும். முதல் வருடத்திலிருந்து என் இடது கை ரேவதியிடம். கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்துவாள், இரண்டு பேரும் பாய்வோம். வேறு யாருக்கும் தெரியாது.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஏம் புள்ள, எங் கையில என்ன சாணியா ஒட்டிருக்குது?" என்றாள் ஜோதி.

அவள்மேல் தப்பில்லை, தெரியும். இருந்தாலும் எரிச்சல்.

வாங்க வேண்டியவை: தைலம், முழங்கால் பட்டை, தலை எண்ணெய்.

ஆகஸ்ட் 14, வியாழன்
மப்பு. மழை இல்லை. டீம் மொத்தமும் ஜலகண்டாபுரம், ரேவதி வீடு. வீட்டுத் தறி ஓடவில்லை. அவள் அம்மா எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். நாங்கள் ஆறுதல் சொல்லப் போன லட்சணம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஆட்டம் எனக்கு ஒன்னும் தெரியாது சாமி. அவுட்டாயி வெளிய உக்காந்துட்டா நீ என்ன பண்ணுவன்னு கேட்டா, 'நம்ம புள்ளைக ஒரு பாயிண்ட் எடுத்தா என்னையத் திரும்ப உள்ள கூப்புட்டுக்குவாங்கம்மா'ன்னு சொல்லுவா. நெசமா?"

"ஆமாங்கம்மா."

"அப்பறம் என்ன சாமி. போயி ஆடுங்க."

திரும்பும்போது ஜோதி ஜன்னலோரம் வழியெல்லாம் அழுதாள். அவளுக்கும் ரேவதி சிநேகிதிதானே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மடச்சி நான்.

ஆகஸ்ட் 18, திங்கள்
கை கோத்தேன். ஜோதியின் உள்ளங்கை முழுக்க வேர்வை. கட்டை விரல் சங்கதியைச் சொல்லவில்லை. அது ரேவதியுடையது, யாருக்கும் தர மாட்டேன். "போ"ன்னு வாயால் கத்தச் சொன்னேன். எல்லாப் பிடியையும் கோட்டைவிட்டோம்.

மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "கத்துனா ரெய்டருக்குக் காது கேக்காதா?"

கேட்கும். கேட்கட்டும்.



ஆகஸ்ட் 21, வியாழன்
சேலம். போட்டி. கொளுத்தும் வெயில். ஆடவே பிடிக்கவில்லை, ஆனாலும் ஆடினோம்.

இரண்டாம் பாதி. ஜோதி அவுட். அவள் ஒருத்திதான் வெளியே உட்கார்ந்திருந்தாள். அடுத்து வந்த ரெய்டரின் காலை நான் பிடிக்க, மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள். பாயிண்ட்! சந்தோஷத்தில் ஓரத்தைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"ரேவதி, உள்ள வாடி!"

எங்கள் பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடுவர் யார் வரவேண்டும் என்று பார்க்கிறார்.

ஜோதி எழுந்தாள். ஓடி வந்து இடது கார்னரில் நின்று கையை நீட்டினாள்.

"வந்துட்டன் புள்ள."

கோத்துக்கொண்டேன். கண் தெரியவில்லை, ஒரே தண்ணீர்.

"கட்டை விரல்ல ஒரு அழுத்து அழுத்துடி. அப்பப் பாயலாம்" என்றேன்.

அழுத்தினாள்.