வெட்கம் யார் மேல்

கார்டிஃப்,
மார்ச் 9.

அன்புள்ள டெக்வென் அக்காவுக்கு மெய்னிர் எழுதுவது.

நான் சுகம்தான். வலது முழங்கால் மட்டும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது. எந்தத் தீர்மானத்துக்கும் ஒத்துவர மாட்டேன் என்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? பட்டகோனியாவில் காற்று ஆளைத் தள்ளும் என்று உங்கள் கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தீர்கள். உங்களைத் தள்ள ஒரு காற்று இருக்கிறது என்பதை நான் நம்பவில்லை. தேர்தலில் தோற்ற மறுமாதமே, ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் நம் வேல்ஷ் மொழி சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனீர்கள். ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் கப்பலேறிப் போய்க் குடியேறிய கைமன் ஊர், அதன் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

பேரவை இப்போது ரொம்ப ஒழுக்கமாக நடக்கிறது. போன புதன்கிழமை பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள், நேரம் முடிவதற்குள் உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. நீங்கள் எழுந்தால் அப்படியா இருக்கும்? அவைத் தலைவர் முதலிலேயே மணியைப் பார்ப்பார். எங்கள் மொழிபெயர்ப்பாளர் கண்ணாடிக் கூண்டுக்குள், கூட வேலை செய்த ஹெஃபின் மைக்கை என் பக்கம் தள்ளிவிட்டு, "உங்க அக்கா எந்திரிச்சாச்சு, நீயே பாத்துக்கம்மா, எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு" என்பான். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது விதி. உங்கள் பேச்சு மட்டும் விதிக்கு வெளியே, எப்போதும் என் தலையில்.

மருத்துவமனைக் கூரை ஒழுகிய விவாதம் ஞாபகம் இருக்கிறதா? அமைச்சர் ராய் பெண்ட்ரி எழுந்து, நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்றார். நீங்கள் உட்கார்ந்தபடியே, "கட்டுல இல்லீங்க, வாளியில இருக்கு. ஏழு வாளி. நானே எண்ணிட்டு வந்தேன்" என்றீர்கள். ஆளுங்கட்சிக்காரர்களே சிரித்தார்கள். அவரே போக்குவரத்துத் துறைக்கு மாறிய பிறகு பேருந்து விவாதத்தில், "நேத்து எழுதின பதிலை இன்னைக்குக் கேட்ட கேள்விக்கு வாசிக்கிறாரு அமைச்சரு. அவர் பஸ்ஸும் இப்படித்தான் வருது" என்று போட்டீர்களே, அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்து மைக்கை ஒரு நொடி அணைத்தேன். பெண்ட்ரிக்கு வேல்ஷில் ஒரு வார்த்தை தெரியாது. நீங்கள் அவரை அடித்த அடியெல்லாம் ஹெட்போன் வழியாக, என் குரலில்தான் அவருக்குப் போயிற்று.

பதினோரு வருஷம், அக்கா. எங்கள் தொழிலில் 'உறுப்பினர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. நீங்கள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் வாயே திறக்காத நான், புதன்கிழமைதோறும் 'நான் விடமாட்டேன்', 'நான் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்' என்று கத்திவிட்டு வருவேன். என் வாழ்க்கையில் நான் தைரியமாக இருந்த நேரம் அது ஒன்றுதான். இப்போதும் ஏங்குகிறேன்.

இவ்வளவு சுற்றி வளைப்பது எதற்கு என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஹெஸ்கின் பள்ளிக்கூட விவாதத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் தப்பு செய்தேன் என்பது உங்களுக்கு அன்றே தெரியும். ஆனால் அதை என் வாயால் உங்களிடம் சொன்னதில்லை. அன்று நீங்கள் வழக்கம்போல் பேசவில்லை. முப்பத்தோரு பிள்ளைகள், மூடப்போகிற பள்ளி. எல்லோரும், அப்போது கல்வி அமைச்சராக இருந்த பெண்ட்ரிக்கு நல்ல பூசை என்று காத்திருந்தார்கள். நீங்கள் மெதுவாக ஆரம்பித்தீர்கள். இருபது வருஷத்துக்கு முன் மாவட்ட மன்றத்தில் இருந்தபோது, பக்கத்து ஊர்ப் பள்ளியை மூடக் கை தூக்கியவர்களில் நீங்களும் ஒருவர் என்றீர்கள். அந்தப் பிள்ளைகளைத்தான் ஹெஸ்கினுக்கு அனுப்பினார்கள் என்றீர்கள். பிறகு, அந்த ஊர்ப் பெற்றோர் முகத்தை நினைத்தால் 'வெட்கம்' என்று சொல்லி, அடுத்த வார்த்தையின் பாதியில் மூச்சு வாங்க நிறுத்தினீர்கள்.

அந்த நிறுத்தத்துக்குள் நான் நுழைந்துவிட்டேன். நம் மொழியில் வெட்கம் யாருக்கும் வருவதில்லை, மேலே வந்து உட்காரும். சளி என் மேல், பசி அவன் மேல் என்கிற மாதிரி. நீங்கள் 'அர்ன' என்று வாயெடுத்ததும், பதினோரு வருஷப் பழக்கம், நான் மனதுக்குள் 'அர்னோ' என்று முடித்துவிட்டேன். அவர் மேல். 'அமைச்சருக்கு வெட்கக்கேடு!' என்று ஆங்கிலத்தில் மைக்கில் சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னது 'அர்னா ஐ'. என் மேல். உங்களை அவ்வளவு நன்றாகத் தெரியும் என்கிற திமிர்தான், வேறென்ன? உங்கள் வாயிலிருந்து 'நான்' வந்த நேரத்தில் அதைப் பிடுங்கி அமைச்சர் தலையில் எறிந்தேன்.

பெண்ட்ரி முகம் சிவந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். வேல்ஷ் தெரிந்த உறுப்பினர்கள் காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. இவ்வளவு பணிவான பேச்சுக்கு இந்த மனுஷனுக்கு ஏன் கோபம் என்று முழித்தார்கள். 'மொழிபெயர்ப்பாளர் திருத்தம்' என்று இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் அவைத் தலைவர் காதிலாவது விழுந்திருக்கும். சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஹெஃபின் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டேன். பதினோரு வருஷத்தில் ஒரு திருத்தம்கூட சொன்னதில்லை என்று பெருமை பேசித் திரிந்தவள் நான். அந்தப் பெருமை போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் அதிகாரப்பூர்வப் பதிவில் சரியாகத்தான் வந்தது. அதை யார் படிக்கிறார்கள்? தொலைக்காட்சியில் உங்கள் முகத்தையும் என் குரலையும் ஓட்டினார்கள். வாசலில் நிருபர் உங்களிடம், அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்பீர்களா என்றான். நீங்கள், "நான் சொன்னது சொன்னதுதான் தம்பி, போய்ப் பதிவைப் பாரு" என்று நடந்துவிட்டீர்கள். தப்பு கூண்டில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் பெயர் தப்பியிருக்கும். எனக்கு வேலை போயிருக்கும். அடுத்த புதன்கிழமை உலர்பழ ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி எங்கள் கூண்டுக்குக் கொண்டுவந்தீர்கள். "தொண்டை வறண்டிருக்கும், சாப்பிடுங்க" என்றீர்கள். ஹெஃபின் மூன்று துண்டு தின்றான். நான் என் துண்டைத் துணியிலேயே திருப்பி வைத்தேன்.

இது உங்களுக்குத் தெரிந்த பாதி. மீதி எனக்கே போன வியாழக்கிழமைதான் தெரிந்தது.

ஓய்வுக்குப் பிறகு நூலகத்தில் பெரியவர்களுக்கு வேல்ஷ் வகுப்பு எடுக்கிறேன். ஜனவரியில் ஒரு புது மாணவர் வந்து சேர்ந்தார், எழுபத்தெட்டு வயது. பெண்ட்ரியேதான்! பேத்தி வேல்ஷ் பள்ளியில் படிக்கிறாளாம், "அவ என்னைப் பத்தி என் முன்னாலயே ஏதோ சொல்லிச் சிரிக்கிறா டீச்சர், என்னன்னு தெரிஞ்சாகணும்" என்றார். அவர் காதில் அவ்வளவு வருஷம் பேசியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வகுப்பிலேயே மோசமான மாணவர், ஒருநாள் தவறாமல் வருகிறவர்.

வியாழக்கிழமை 'மேல்' பாடம். நீங்களும் அங்கே இதைத்தான் நடத்துவீர்கள்: சளி என் மேல், உன் மேல், அவர் மேல். ஆளுக்கொரு வாக்கியம் கேட்டேன். பெண்ட்ரி முறை வந்ததும், "பேரவையில ஒரு அம்மா என்னைப் பாத்து வெட்கக்கேடுன்னு சொன்னாங்க. அதை வேல்ஷ்ல எப்படிச் சொல்லியிருப்பாங்க டீச்சர்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அத்தனை வருஷம் சுமந்தது தெரிந்தது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்து, அவரிடம் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள், நான் என்ன சொன்னேன், ஏன் திருத்தவில்லை, எல்லாம். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: அன்று அவர் கோட்டுப் பையில் ஒரு தாள் இருந்ததாம். ஹெஸ்கின் பள்ளிக்கு இரண்டு வருஷம் அவகாசம். உங்கள் பேச்சு முடிந்ததும் அறிவிக்க வேண்டும் என்று நினைத்திருந்தாராம். "அந்த வார்த்தையைக் கேட்டதும் உள்ளேயே வச்சுட்டேன். அவங்க திட்டினதுக்குப் பயந்து குடுத்த மாதிரி ஆயிடுமேன்னு ஒரு வீம்பு. முப்பத்தோரு புள்ளைங்க, என் வீம்புக்கு" என்று அழுதார் அக்கா. நானும் அழுதேன். நூலகக்காரப் பெண் விளக்கை அணைக்க வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

கடைசித் தேர்தல் கூட்டத்தில் நீங்கள், "அந்தப் பள்ளிக்கூடத்தை என்னால காப்பாத்த முடியல. நான் பேசி ஒண்ணும் நடக்கல" என்று சொன்னபோது நான் பின்வரிசையில் இருந்தேன். அது உண்மையில்லை. உங்கள் பேச்சு காப்பாற்றியிருக்கும். உங்கள் பேச்சுக்கும் அந்தத் தாளுக்கும் நடுவில் நான் இருந்தேன். இதை உங்களிடம் சொல்லாமல் இருந்தால், நீங்கள் உங்கள் மேல் வைத்துக்கொண்டு திரிகிற பழியை நானே இன்னொரு தடவை வைத்த மாதிரி ஆகும். சொன்னால் உங்களுக்கு வலிக்கும் என்றும் தெரியும். மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெண்ட்ரி உங்கள் விலாசம் கேட்டார், கொடுத்துவிட்டேன். வேல்ஷிலேயே எழுதுவாராம், என்னைத் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிழை மலிந்திருக்கும். கிழிக்காமல் கடைசிவரை படியுங்கள். மனுஷன் ஒரு வரிக்கு ஒரு நாள் உட்காருகிறார்.

ஹெஸ்கின் பெற்றோருக்கும் உண்மை தெரிய வேண்டும் என்று அவரும் நானும் பேசிக்கொண்டோம். ஈஸ்டருக்குப் பிறகு அங்கே போகிறோம். ஊர் மண்டபத்தில் அவர் தன் பங்கைச் சொல்வார், நான் என் பங்கைச் சொல்வேன். உங்கள் சம்மதம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லி என்னை மறுபடி காப்பாற்றிவிடுவீர்கள் என்பதால் கேட்கவில்லை.

என் மேல் இரக்கம் காட்டாதீர்கள் அக்கா, கெஞ்சிக் கேட்கிறேன். ரொட்டி ஏதும் அனுப்ப வேண்டாம். அமைச்சர்களைத் திட்டுவீர்களே, அதே மாதிரி, மணி அடித்தும் உட்காராமல், பக்கம் பக்கமாக என்னைத் திட்டி எழுதுங்கள். ஒரு வார்த்தை விடாமல், நீங்கள் எழுதியதை எழுதியபடியே, உரக்கப் படிப்பேன்.

என்றும் உங்கள் அன்புக்கு ஏங்கும்,
மெய்னிர்