கிருஷ்ணம்மாக்கா கொடுத்த பதினோரு எலுமிச்சம்பழம்

ஏச்சு வாங்கினியான்னு கேட்டியே, ஏச்செல்லாம் வாங்கல மா, லெட்டர்தான் வாங்கினேன், அத கடைசில சொல்றேன். திங்கக்கெழம கூட்டத்துல பத்து நிமிஷம் பேச சொன்னாங்க, நான் ஆறு நிமிஷத்துல முடிச்சிட்டேன், உனக்குத்தான் தெரியுமே உங்கப்பனுக்கு நின்ன எடத்துல நிக்க வராது. இங்க நானும் அம்மாவும் கை கால் சொகமாத்தான் இருக்கோம் லோஷி, நீ அங்க கூச்சிங் காலேஜ்ல நேரத்துக்கு சாப்பிட்டு தூங்கினா எங்களுக்கு வேற கொற இல்ல. வாய்ஸ் மெசேஜ்ல பாதி லாரி சத்தந்தான் கேக்குதுன்னு நீ சொன்னதால டீ டைம்ல கண்டீன்ல உக்காந்து எழுதறேன், அம்மா அனுப்பற முறுக்கு டின்னுக்குள்ள வெச்சிடறேன், எண்ண ஒட்டியிருந்தா என்னைச் சொல்லாத.

மொதல்லேருந்து சொல்றேன். எனக்கு கோடவுன்ல ஃபோர்க்லிஃப்ட் லீடர் வேல கொடுத்து மூணு மாசம் பாக்கறோம்னாங்கல்ல, ரெண்டு மாசம் கூட ஆகல, மேனேஜர் லிம் வந்து, லீடர்னா திங்கக்கெழம காலையில எல்லார் முன்னாடியும் பாதுகாப்பு பத்தி பேசணும், ஒரு விஷயத்த தயார் பண்ணுன்னுட்டாரு. நான் ஃபாம் த்ரீயில, பதினஞ்சு வயசுல, ஸ்கூல் வேலி தாண்டினவன், பத்தொம்பது வயசுல உன்ன கையில வாங்கினவன், ஒம்பது வேல மாத்தினவன், மைக்க பாத்ததும் பத்தாவது வேல தேடலாமான்னு தோணிச்சி. உனக்கு ஃபோன் பண்ணி, மூணாம் நம்பர் ரேக் முனையில, திரும்பறப்ப எதுக்க வர்றவங்க தெரியற மாதிரி கண்ணாடி மாட்டணும், வருஷத்துக்கு நூறு தடவ அங்க வண்டி ஆள இடிக்க பாக்குதுன்னு பேசப் போறேன்னேன். நீ காலேஜ்ல படிக்கற திமிருல ஒன்னே ஒன்னு கேட்ட, நூறுன்னு யாருப்பா எண்ணினதுன்னு. எனக்கு கோவம் வந்து வெச்சிட்டேன், மனசுல வெச்சிக்காத.

மறுநாள் ஆபீஸ்ல போயி கேட்டேன். இடிக்காம தப்பிச்சத எழுதற புக்கு ஒன்னு இருக்கு, அதுல தீவாளிக்கப்புறம் ரெண்டே ரெண்டுதான். ரெண்ட காட்டினா யாரு கண்ணாடி வாங்குவா? ஒரு எடத்துல இல்லன்னா வேற எங்க பதிஞ்சிருக்கும்னு யோசின்னு நீ முன்னாடி ஒரு தடவ சொன்னது ஞாபகம் வந்துச்சி. நம்ம ஆளுங்க எங்க புக்குல எழுதறாங்க, வண்டி யாரையாச்சும் உரசப் பாத்தா நேரா கண்டீனுக்கு ஓடி கிருஷ்ணம்மாக்காகிட்ட ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி, சக்கரத்துக்கு கீழ வெச்சி ஏத்தி நசுக்கிட்டு, கண்ணு கழிஞ்சிச்சின்னு அடுத்த லோடு தூக்க போயிடுவாங்க. நேப்பாள டிரைவருங்களும் அத கத்துக்கிட்டாங்க. அப்ப அந்தக் கணக்கு அக்காகிட்டதான இருக்கும்!

போயி கேட்டதுக்கு, ஏண்டா அர்ச்சுனா, லீடரானதும் எலுமிச்சம்பழத்துக்கு இன்கம் டேக்ஸ் போட வந்திட்டியான்னாங்க. அப்பறம் வெரல மடக்கி தீவாளிக்கப்புறம் பதினொன்னுன்னாங்க, யாரு எப்ப வந்தான்னும் சொன்னாங்க. ஒருத்தர் வாய மட்டும் நம்பாத, இன்னொரு பக்கமும் கேளுன்னிருந்தியே, வாங்கின ஒவ்வொருத்தரையும் போயி புடிச்சேன். மனோகரன் தொண்ட கட்டிக்கிச்சின்னு சுடுதண்ணில பிழிஞ்சி குடிச்சானாம், ரெண்டு பழம் புது வண்டி பூசைக்கு. மூணு போச்சி, மிச்சம் எட்டு, அதுல ஏழு அதே மூணாம் நம்பர் ரேக் முனை. நூறுன்னு அடிச்சி விட்டிருந்தா சிரிச்சிருப்பாங்க மா, ஏழுன்னா எவன் சிரிப்பான்?

இப்ப உனக்கு சொல்லாதத சொல்றேன். அந்த ஏழுல ஒன்னு நான். பொங்கல் முடிஞ்ச வாரம், ஹார்ன் அடிக்காம ரிவர்ஸ் எடுத்தேன், முனையில அக்கா டீ ட்ரேயோட வந்திட்டாங்க, ஒரு முழந்தான் இருந்துச்சி. பழத்தையும் அவங்களேதான் எடுத்து கொடுத்தாங்க. நான் புக்குல எழுதல, அம்மாகிட்டயும் சொல்லல. எழுதாதவன லீடரா வெச்சிக்க மாட்டாங்க, அதுக்குத்தான் ஞாயித்துக்கெழம உன்கிட்ட ஆறுன்னு சொல்லிடவான்னு கேட்டேன். நீ ஏன்னு கேக்கல, ஏழு எண்ணிட்டு ஆறு சொன்னா எண்ணாமலே இருந்திருக்கலாம்ப்பான்னு சொன்ன.

திங்கக்கெழம மேசமேல ஏழு பழத்த வரிசையா வெச்சேன். ஒவ்வொன்னா தூக்கி தேதி, எடம், எப்படி தப்பிச்சதுன்னு மலாய்ல சொன்னேன், பேரு யாருதும் சொல்லல. ஏழாவத எடுத்து இது என்னோடதுன்னேன். எதுக்க வந்தது கிருஷ்ணம்மாக்கான்னேன், அவங்கள முன்னாடியே கேட்டுக்கிட்டுத்தான். அப்பறம் ஒரு நேப்பாள டிரைவர் கைய தூக்கி, எனக்கும் ஒன்னு ஆச்சி, பழங்கூட வாங்கல, சாமிய கும்பிட்டுட்டு போயிட்டேன்னாரு. அவருக்கு பின்னாடி இன்னும் மூணு கை. லிம் ஏசல, கூப்பிட்டு வார்னிங் லெட்டர கொடுத்தாரு, லீடர் வேலைக்கு மறுபடியும் மொதல்லேருந்து மூணு மாசம் பாக்கறோம்னாரு, அதே மூச்சில கண்ணாடிக்கு ஆர்டர் போட்டாச்சின்னாரு. எனக்கு இது போதும் லா.

ஸ்கூல்ல என்ன எல்லாரும் வாய மூடுன்னுதான் சொன்னாங்க, உனக்கு எப்படி தெரியும்னு ஒருத்தரும் கேட்டதில்ல. நீ கேட்ட. உன்ன பெத்ததுக்கு நான்தான் உனக்கு நன்றி சொல்லணும் போல இருக்கு, சிரிக்காத. நல்லா படி, நல்லா இரு, ஆத்தா மாரியம்மா எப்பவும் உன் பக்கத்துல நிக்கட்டும். மழையில மோட்டார் சைக்கிள் ஓட்டாத. அம்மாகிட்ட பொங்கல் வார கதைய நானே சொல்றேன், நீ முந்திக்காத. டின்ன திருப்பி கொண்டா, அது உங்கம்மா பிரேமலாவோட சொத்து. கண்ணாடி வந்திருச்சாம், ஏணி புடிக்க கூப்பிடறாங்க, அக்கா வேற கீழ நின்னு கொஞ்சம் எடது பக்கம்டான்னு கத்தறாங்க, நான் போகணும்

அப்பா
அர்ச்சுனன், செனாய்